அப்பாவுக்கு வைத்த மீசை

ஜூன் 14

அன்புள்ள சின்னவளுக்கு,

அக்கா எழுதுவது. இறைவன் அருளால் நானும் உன் அத்தானும் நலம். என் முழங்கால் மட்டும் படியேறும்போதெல்லாம் நானும் இருக்கிறேன் என்று சொல்கிறது. உன் ஒற்றைத் தலைவலி எப்படி இருக்கிறது? மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே.

ஒரு காரியமாக எழுதுகிறேன். போனில் பேசினால் நடுவில் உனக்கு வகுப்பு மணி அடிக்கும், எனக்குக் குக்கர் அடிக்கும். கடிதமாக இருந்தால் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்துச் செய்யலாம்.

எங்கள் தெருக்கோடி ஆரம்பப் பள்ளியில் ஓவியத்துக்கு ஆள் கிடையாது. இரண்டாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடும் ஓவியம் என்று அட்டவணையில் போட்டிருக்கிறார்கள். நடப்பது வாய்ப்பாடு. போனால் போகிறதென்று ஒருநாள் விட்டால், வகுப்பு ஆசிரியை போர்டில் ஒரு ஆப்பிளைப் போட்டு, "இதே மாதிரி போடுங்க, சத்தம் வரக் கூடாது" என்று சொல்லிவிட்டு நோட்டுத் திருத்த உட்கார்ந்துவிடுகிறாள். முப்பத்தெட்டுப் பிள்ளைகள், முப்பத்தெட்டு ஆப்பிள். அறிவிப்புப் பலகை எழுதிக் கொடுக்கப் போனவள் இதைப் பார்த்துவிட்டேன். வயிறு எரிந்தது. தலைமையாசிரியையிடம் நேராகவே கேட்டேன். "அவ்வளவு அக்கறை இருந்தா நீங்களே வந்து எடுங்களேம்மா" என்றாள். வாய்ப்பேச்சுக்குத்தான் சொன்னாள். நான் சரி என்றுவிட்டேன். அந்த முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்.

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் கடைக்காரர் பொட்டலம் மடித்துக் கொடுத்த காகிதத்தில்தான். நீ பதினெட்டு வருஷமாக ஓவிய ஆசிரியை. ஆறு ஏழு வயசுப் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுப்பது? விவரமாக எழுது.

நீ ஏழு வயதில் வரைந்த அப்பா படத்துக்குப் புதுச் சட்டம் போட்டிருக்கிறேன். நாற்காலியில் மீசையோடு கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறார். வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். என் தங்கை போட்டது என்று சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தலைவலி வாரத்துக்கு ஒன்று என்று குறைந்திருக்கிறது. முழங்காலுக்குச் சூடான உப்பு ஒத்தடம் கொடு. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

நீ எடுத்துக்கொண்டது நல்ல காரியம். ஆப்பிள் போடச் சொல்பவர்களை எனக்கும் தெரியும். இங்கேயும் ஒருவர் இருக்கிறார், அவர் போர்டில் போடுவது வாத்து.

நாலு பாடம் எழுதுகிறேன். ஒவ்வொன்றையும் இரண்டு வாரம் நடத்து, அவசரப்படாதே.

முதலில் தலையணை உறை. அதற்குள் கரண்டி, சாவிக்கொத்து, சல்லடை, சீப்பு என்று எதையாவது போடு. பிள்ளை உள்ளே கையை விட்டுத் தடவ வேண்டும், எட்டிப் பார்க்கக் கூடாது. கை பார்த்ததை வரைய வேண்டும். கண்ணைவிடக் கை நிறையப் பார்க்கும் என்று அவர்களுக்கே தெரிந்துவிடும்.

அடுத்தது தேய்ப்பது. இலையோ செருப்பின் அடிப்பக்கமோ, மேடுபள்ளம் இருக்கிற எதுவாக இருந்தாலும் சரி. அதன் மேல் மெல்லிய தாளை வைத்து, கிரேயானைப் படுக்கப் போட்டு லேசாகத் தேய்க்க வேண்டும். கீழே இருப்பது தானாக மேலே வரும். கூர்முனையால் தேய்க்க விடாதே, தாள் கிழியும்.

பிறகு நிழல். முதல் பீரியடில் ஒருவர் நிழலை ஒருவர் சாக்பீஸால் தரையில் வரைந்துவிட்டு, கடைசி மணிக்கு முன்னால் அதே இடத்தில் போய் நின்று பார்க்கட்டும். நிழல் எங்கே போயிற்று என்று அவர்களே சண்டை போடுவார்கள், நீ பேசாமல் இரு. கடைசியாகச் சத்தத்தை வரைவது. குக்கர் விசிலுக்கு என்ன வடிவம், கதவு கிறீச்சிட்டால் என்ன நிறம். இதில் தப்பே வராது, அதனால் பயந்த பிள்ளைகளுக்கு நல்லது.

விதி ஒன்றே ஒன்றுதான். அவர்கள் தாளில் உன் கை படக் கூடாது. "இங்க பாரு, இப்படி" என்று ஒரு கோடுகூட இழுக்காதே. கை துறுதுறுத்தால் பின்னால் கட்டிக்கொள். மற்ற எதை விட்டாலும் இதை மட்டும் எனக்காகச் செய்.

அன்புடன்,
தங்கை


ஆகஸ்ட் 6

அன்புள்ள சின்னவளுக்கு,

கடவுள் துணையில் எல்லோரும் நலம். ஒத்தடம் கேட்கிறது. உன் கடிதத்தைச் சமையல்மேடைச் சுவரில் ஒட்டிவிட்டேன். "ஸ்கூலுக்குப் போறியா, போருக்குப் போறியா?" என்கிறார் உன் அத்தான். வெள்ளிக்கிழமை என்றால் அவருக்குக் காலைச் சமையலே மத்தியானத்துக்கும்.

ஒரு நோட்டுப் போட்டுவிட்டேன். தேதி, பாடம், எத்தனை தாள், எத்தனை கிரேயான் உடைந்தது, யார் என்ன போட்டார்கள் என்று வரிசையாக எழுதுகிறேன். என் குணம்தான் உனக்குத் தெரியுமே, கணக்கில்லாமல் எனக்கு ஒரு வேலையும் ஓடாது.

தலையணை உறைப் பாடத்தில் சல்லடையைத் தொட்ட பையன் அம்மை போட்ட நிலாவை வரைந்தான். ஒருத்தன் எல்லோரையும் அதட்டிக்கொண்டே இருக்கிறான், அவனுக்கு வாத்தியார் என்று பெயர் வைத்திருக்கிறேன். இன்னொருத்தி இருக்கிறாள், எதைச் சொன்னாலும் ஊதா கிரேயானைத்தான் எடுப்பாள். அவளுக்கு ஊதா என்றே பெயர். பைக்குள் கையை விட்டவள் வரிசையில் பின்னால் நிற்பவர்கள் கத்தும்வரை வெளியே எடுக்கவில்லை. அப்புறம் சாவிக்கொத்தைப் பக்கம் முழுக்க ஊதாவில் போட்டாள். "சாவி ஊதாவாடி?" என்றேன். "பைக்குள்ள இருட்டா இருந்துச்சு டீச்சர்" என்கிறாள். அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்கிறேன். ஆனால் கைக்கு நாலு விரல் போடுகிறவனைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா. ஆண்டவன் ஐந்து கொடுத்திருக்கிறான், இவன் யார் ஒன்றைக் குறைக்க?

செப்டம்பர் பன்னிரண்டு பெற்றோர் நாள். வராந்தாச் சுவர் முழுக்க என் பிள்ளைகளின் படம்தான் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டாள். "பாக்குறதுக்கு நல்லா இருக்கணும்" என்று மூன்று தடவை சொன்னாள். நல்ல பாடமாக ஒன்று அனுப்பு.

அப்பா படத்தைப் பற்றி எழுதியிருந்தேனே, நீ ஒன்றும் சொல்லவில்லை. சட்டம் மாற்றியது பிடிக்கவில்லையா?

உன் அக்கா


ஆகஸ்ட் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். பரீட்சை வேலை, அதனால் சுருக்கமாக.

பெற்றோர் நாளுக்கு இதைச் செய். உங்கள் வீட்டில் தூங்குகிற ஒருவரை வரைந்துகொண்டு வாருங்கள் என்று சொல். தூங்குகிறவர் நமக்காக முகத்தைச் சரிசெய்து வைத்துக்கொள்ள மாட்டார். வாய் திறந்திருந்தால் திறந்தபடி, எச்சில் வழிந்தால் எச்சிலோடு. பென்சிலும் ஒரே ஒரு நிறமும் போதும். என்னிடம் இருப்பதிலேயே நல்ல பாடம் இதுதான். இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

விதியை மறக்காதே.

சட்டம் எந்த மரமாக இருந்தால் என்ன.

தங்கை


செப்டம்பர் 15

அன்புள்ள சின்னவளுக்கு,

இறைவனுக்கு நன்றி சொல்லிவிட்டு இதை எழுதுகிறேன். பெற்றோர் நாள் அவ்வளவு நன்றாக நடந்தது. தலைவலி இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

நீ சொன்னபடியே சொன்னேன். முப்பத்தெட்டுப் பேரும் கொண்டுவந்தார்கள். பார்த்ததும் எனக்குத் தலை சுற்றிவிட்டது. முப்பத்தொரு படத்தில் வாய் பிளந்திருந்தது. ஒருவருடைய அப்பா சட்டையில்லாமல் தொப்புளோடு கிடந்தார். வாத்தியாரின் சித்தப்பாவுக்கு மூக்கு ஓட்டை இரண்டும் சுரங்கம் மாதிரி. இதையா சுவரில் மாட்டி, அதே ஆட்களை வரவழைத்து, அவர்கள் முன்னாலேயே காட்டுவது? அவர்களுக்கு மானம் இல்லையா?

வீட்டுக்கு எடுத்துவந்து மூன்று மத்தியானம் உட்கார்ந்தேன். கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் எல்லாவற்றுக்கும் ஓரம் கட்டினேன். வாயை மூடினேன், தொப்புள்காரருக்குச் சட்டை போட்டேன், விரல் குறைந்த கைக்கெல்லாம் விரல் வைத்தேன். படம் பிள்ளைகள் போட்டதுதான், நான் துடைத்து வைத்தேன் அவ்வளவுதான். ஸ்கெட்ச் பேனா ஐந்து தீர்ந்தது. எல்லாம் வரிசையாக மாட்டியதும் வராந்தாவே எழுந்து நின்றது. ஒரு அம்மா, "ரெண்டாங் கிளாஸ் பிள்ளைங்களா போட்டது?" என்று நம்பாமல் கேட்டாள். தலைமையாசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஆப்பிள் ஆசிரியைக்கு முகமே இல்லை.

ஒரு வேடிக்கை கேள். ஊதா தன் அம்மாவைப் போட்டிருந்தாள். சுவர் முழுக்க இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்துவிட்டு என்னிடம் வந்து, "என் படம் எங்க?" என்கிறாள். அதற்கு எதிரிலேயே நிற்கிறாள். "இதுதான்டி" என்றேன். பார்த்தாள், போய்விட்டாள். தான் போட்டது தனக்கே தெரியவில்லை பார்.

எல்லாம் உன் பாடத்தால் வந்த பெருமை. அடுத்ததை அனுப்பு.

உன் அக்கா


அக்டோபர் 18

அன்புள்ள சின்னவளுக்கு,

நலம்தானே? ஒரு மாதமாகப் பதில் இல்லை. போன் செய்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. உன் பள்ளிக்கூட அலுவலகத்துக்கு அடித்தால் வகுப்பில் இருக்கிறாய் என்றார்கள். ஆக உயிரோடுதான் இருக்கிறாய்.

இங்கே ஊதா ஒரு தொந்தரவு. தாளைக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறாள், மணி அடிக்கும்போது அப்படியே திருப்பித் தருகிறாள். வெள்ளைத் தாள். நாலு வாரமாக நோட்டில் அவள் பெயருக்கு நேரே ஒன்றுமில்லை. "ஏன்டி?" என்றால், "நீங்களே போட்டுக்கோங்க டீச்சர்" என்கிறாள். ஏழு வயசுக்கு எத்தனை திமிர். கெஞ்சியும் பார்த்தேன், அதட்டியும் பார்த்தேன். வீட்டிலும் கிரேயானைத் தொடுவதில்லையாம், அவள் அம்மா வந்து சொல்லிவிட்டுப் போனாள். இப்படிப்பட்ட பிள்ளைகளை நீ என்ன செய்வாய்?

பதில் எழுது. முழங்கால் மறுபடி வீங்கியிருக்கிறது.

உன் அக்கா


அக்டோபர் 27

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கத் தோன்றவில்லை.

உன் செப்டம்பர் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து கிழித்துப் போட்டேன். வேண்டுமானால் நோட்டில் எழுதிக்கொள், கிழித்த தாள் ஒன்பது.

ஒரே ஒரு விதி சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். அதைச் சுவரில் வேறு ஒட்டி வைத்திருந்தாய்.

நீ செய்தது என்னவென்று தெரியுமா? முப்பத்தெட்டுப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய், மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்து, தூங்குகிற முகத்தைப் பார்த்திருக்கிறார்கள். அம்மா தன்னைப் பார்க்காத நேரத்தில் அம்மாவைப் பார்த்திருக்கிறார்கள். பெரியவர்களுக்கே அது வாய்ப்பதில்லை. அதை நீ மூன்று மத்தியானத்தில் கறுப்புப் பேனாவால் மூடிவிட்டாய். ஆப்பிள் ஆசிரியையைப் பார்த்து உனக்கு வயிறு எரிந்ததாம். அவளாவது ஆப்பிளைப் பிள்ளைகள் கையாலேயே போடச் சொன்னாள்.

அந்தப் பெண் "என் படம் எங்க" என்று கேட்டதை வேடிக்கை என்று எழுதுகிறாய். அவளுக்கு அடையாளம் தெரியாமல் இல்லை. அவள் படம் அந்தச் சுவரில் இல்லை. அதனால் கேட்டாள். இப்போது வெள்ளைத் தாளைக் கொடுக்கிறாள் என்றால் அவளுக்குத் திமிர் இல்லை, புத்தி இருக்கிறது. எப்படியும் நீதானே போடப் போகிறாய்.

கடவுள் ஐந்து விரல் கொடுத்தாராம். தூங்கும்போது வாய் திறந்துகொள்வதையும் அவர்தான் கொடுத்தார். அதை மூட உன்னை வேலைக்கு வைத்தாரா?

நீ திருத்திய முதல் படம் இது இல்லை என்பது உனக்கே தெரியும்.

இனிமேல் பாடம் கேட்டு எழுதாதே.


நவம்பர் 4

சின்னவளுக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. எழுதியதாக வைத்துக்கொள்.

யாரிடம் பேசுகிறாய் என்று நினைவிருக்கிறதா? நான் உன் வகுப்புப் பிள்ளை இல்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு நீ செய்வதை, வலிக்கிற காலோடு நடந்துபோய், கிரேயான் பொறுக்கி, தரை துடைத்து, சும்மா செய்கிறேன். இங்கே வந்து நின்று பார்க்காதவள் அங்கிருந்து தீர்ப்பு எழுதுகிறாய். நான் எட்டாவதோடு நின்றதால்தான் வீட்டு வேலை நடந்தது. நீ ஓவியக் கல்லூரி போனாய். "அவ படிக்கட்டும்" என்று அம்மாவிடம் நின்று சண்டை போட்டது யார்? அதை எந்த நோட்டிலும் நான் எழுதி வைக்கவில்லை.

அப்பா படத்தைத்தான் குத்திக்காட்டுகிறாய், தெரிகிறது. ஆமாம், திருத்தினேன். வேலை முடிந்து வந்து வாயைப் பிளந்து தூங்குகிற மனுஷனை அப்படியே போட்டிருந்தாய். எனக்குப் பதின்மூன்று வயசு, கூடத்துக்கு வருகிறவர்கள் சிரிப்பார்களே என்று இருந்தது. கிடங்கில் மூட்டைக்கு எண் போட அப்பா வைத்திருந்த கறுப்பு மையை எடுத்துத் தூரிகையால் சரிசெய்தேன். மீசை வைத்ததும் எவ்வளவு அழகாக இருந்தது. அப்பாவுக்கே பிடித்துப்போய் அதைப் பார்த்துத்தான் மீசை வளர்க்க ஆரம்பித்தார், சாகும்வரை எடுக்கவில்லை. அவருக்கே உறுத்தாதது உனக்கென்ன உறுத்துகிறது? முப்பத்தைந்து வருஷம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, இன்றைக்கு ஊரான் வீட்டுப் பெண்ணைச் சாக்காக வைத்து என்னை வைகிறாய்.

பாடம் வேண்டாம். எனக்கே தெரியும்.

அக்கா


நவம்பர் 14

அக்காவுக்கு,

நீ எனக்காகச் சண்டை போட்டது பொய் இல்லை. அதற்காகத்தான் முப்பத்தைந்து வருஷம் பேசாமல் இருந்தேன்.

அப்பா மீசை வளர்த்ததைச் சொல்கிறாய். அதைத்தான் நானும் சொல்கிறேன். அவருடைய கல்யாணப் போட்டோ கூரை ஒழுகி வெளுத்துப்போயிற்று. அதற்குப் பிறகு எடுத்ததில் எல்லாம் மீசை இருக்கிறது. மீசை இல்லாத அப்பாவை நாற்காலிக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு சாயங்காலம் முழுக்கப் பார்த்தவள் நான் ஒருத்திதான். நீ மூடியிருந்த கண்ணைத் திறந்தாய், திறந்திருந்த வாயை மூடினாய். இன்றைக்குக் கண்ணை மூடி அப்பா என்று நினைத்தால் எனக்கு நீ போட்ட முகம்தான் வருகிறது. நான் பார்த்தது வரவே மாட்டேன் என்கிறது. எத்தனையோ தடவை பென்சிலை எடுத்து உட்கார்ந்து பார்த்துவிட்டேன்.

தூங்குகிறவரை வரையும் பாடத்தை யாருக்கும் சொன்னதில்லை என்று எழுதினேனே. ஏன் உனக்குச் சொன்னேன் என்று யோசித்துப் பார்.

உன் கூடத்தில் இருப்பது என் படம் இல்லை. இனிமேல் வருகிறவர்களிடம் என் பெயரைச் சொல்லாதே.

தங்கை


ஜனவரி 11

சின்னவளுக்கு,

இரண்டு மாதமாக உனக்கு எழுதவில்லை. கோபம்தான். முதல் மாதம் உன் மேல் இருந்தது.

இத்துடன் மடிக்காமல் அட்டைக்கு நடுவில் வைத்து ஒரு தாள் அனுப்பியிருக்கிறேன். என் கை அதில் படவில்லை. ஓரத்தைக்கூடத் துணியால் பிடித்துத்தான் உள்ளே வைத்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

நீ அப்படி எழுதிய பிறகு அந்தப் படத்தைக் கூடத்தில் வைத்துக்கொள்ள முடியவில்லை. கழற்றி உள்ளே போட்டுவிடலாம் என்று சட்டத்தைப் பிரித்தேன். தாளை எடுக்கும்போது பின்பக்கம் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. திருப்பிப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தடவினேன். கோடு கோடாகப் புடைத்திருந்தது. நீ மடித்த போர்வை மேல் தாளை வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, அழுத்தி அழுத்திப் போட்டாய், நினைவிருக்கிறதா? மேலே ரப்பரால் அழித்தது போயிற்று, பள்ளம் போகவில்லை. நான் தூரிகையால் போட்டதோ தாளில் பதியவே இல்லை. என் விரலுக்கு மீசை தட்டுப்படவே இல்லை.

அங்கேயே கிரேயானை எடுத்துத் தேய்த்துப் பார்த்திருப்பேன். கை போய்விட்டது. இழுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை வகுப்புக்கு எடுத்துப்போனேன். "இது என் தங்கச்சி உங்க வயசுல போட்ட படம். நான் அவளைக் கேட்காம திருத்திட்டேன். கெடுத்துட்டேன்" என்றேன். "நல்லாத்தானே டீச்சர் இருக்கு" என்றான் வாத்தியார். ஊதா கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள். பதின்மூன்று வெள்ளிக்கிழமையாக வெள்ளைத் தாள் கொடுத்தவள்.

"வாயை மூடினீங்களா?"

"ஆமா."

"எங்கம்மாவுக்கும் மூடினீங்க."

"ஆமா."

"எங்கம்மாவுக்கு எப்பவும் மூக்கடைப்பு. வாயை மூடிட்டா அவங்க எப்படி மூச்சு விடுவாங்க?"

முப்பத்தெட்டுப் பிள்ளைகள் முன்னால் நின்றேன். தப்புதான் என்றேன். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

படத்தைக் குப்புறப் போட்டு, மேலே மெல்லிய தாளை விரித்து, "இதுக்குள்ள இருக்கறத யாராவது வெளிய கொண்டுவரணும். நான் தொடக் கூடாது" என்றேன். எல்லோரும் கையைத் தூக்கினார்கள். அவள் தூக்கவில்லை. நேரே வந்து, டப்பாவில் ஊதாவைத் தேடி எடுத்து, காகிதத்தை உரித்து, படுக்கப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். இந்தத் தடவை நிஜமாகவே ஒரு கையை இன்னொரு கை பிடித்துக்கொண்டிருந்தது. சின்னவளே, முதலில் நாற்காலிக் கால் வந்தது. பிறகு காது. பிறகு மூடின கண். மற்ற பிள்ளைகள் பெஞ்சில் ஏறி நின்று பார்த்தார்கள்.

"வாய் தொறந்திருக்கு" என்றாள். என்னிடம் சொல்லவில்லை, அதனிடம் சொன்னாள்.

நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு உருவமும் வந்தது. மேலே ரப்பர் தேய்த்த இடம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இரட்டைச் சடை, கரண்டி மாதிரி பெரிய கை, முகத்தில் பாதி பல். "இது யாரு?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. உண்மையிலேயே நினைவில்லை. யார் அது?

தேய்த்து முடித்துவிட்டு, "இன்னொரு தாள் குடுங்க. எங்கம்மாவ மறுபடி போடணும். நீங்க அங்க போய் நில்லுங்க" என்று வாசலைக் காட்டினாள். மணி அடிக்கும்வரை வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். நோட்டில் அன்றைக்கு, ஊதா, ஒரு தாள், நான் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறேன்.

பழைய படம் அட்டைக்குள் பத்திரமாக இருக்கிறது. நீ என்ன சொல்கிறாயோ அதைச் செய்கிறேன். யோசித்துப் பார் என்று எழுதினாயே, யோசித்தேன். பரீட்சை வைத்தாய். தோற்றுப்போனேன்.

தலைவலி எப்படி இருக்கிறது? ஆண்டவன் உன்னை நன்றாக வைக்கட்டும்.

அக்கா


ஜனவரி 22

அக்காவுக்கு,

தலைவலி இல்லை. கண்தான் எரிகிறது.

பின்பக்கத்திலிருந்து எடுத்ததால் எல்லாம் இடம் வலமாக வந்திருக்கிறது. என் வகுப்பறை ஜன்னல் கண்ணாடியில் திருப்பி வைத்துப் பார்த்தேன். முதலில் யாரென்றே தெரியவில்லை. யாரோ ஒரு மெலிந்த ஆள் தூங்குகிறான் என்று நினைத்தேன். அப்புறம் கீழ்வரிசையில் அப்பாவின் அந்த உடைந்த பல் தெரிந்தது. பிள்ளைகளை வேறு வகுப்பில் உட்கார வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அந்தப் பெண்ணுக்கு ஒரு டப்பா கிரேயான் தனியாக அனுப்புகிறேன். எல்லா நிறமும் இருக்கும். ஊதா இரண்டு வைத்திருக்கிறேன். பழைய படத்தை அட்டைக்குள்ளேயே வைத்திரு. எனக்கு அனுப்பாதே, மாட்டாதே, கிழிக்கவும் செய்யாதே. எனக்கே இன்னும் தெரியவில்லை.

நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்பது யார் என்று கேட்டிருக்கிறாய். அது நீ. கிடங்குக் கணக்குப் புத்தகத்தின் அட்டையால் அப்பாவுக்கு விசிறிக்கொண்டு நின்றாய். நான் அப்பாவைப் போடுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாய், அதனால் உன்னையும் போட்டேன். உனக்கு அப்போது முன்பல் தூக்கலாக இருந்தது. முடித்துக் காட்டியதும் நீ முதலில் உன் முகத்தைத்தான் பார்த்தாய். ரப்பரை எடுத்து உன்னை ஒரு நூல் விடாமல் அழித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் அப்பா முகத்துக்குப் போனாய். அன்றைக்கு நான் அழுததே படத்திலிருந்து நீ போனதற்குத்தான். மீசை அப்புறம்.

முழங்காலுக்கு டாக்டரிடம் போ, ஒத்தடம் போதாது. கோபம் தீர்ந்துவிட்டது என்று உன் நோட்டில் எழுதிவிடாதே.

தங்கை